பிள்ளைக்காம்பராவுக்குள் பெற்றோரும் போக வேண்டும்

இடம்பெயர்ந்து வந்து ஒரே அறையில் இரண்டு குடும்பங்கள் ஒதுங்கியிருக்கும்போது, சிறுபிள்ளைகளிடம் நாம் அதிகம் சொல்வது “ஆடாமல் இரு” என்பதுதான். இடநெருக்கடியில் வேறு வழியும் தெரிவதில்லை. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓடுவதும் ஏறுவதும் உருளுவதும் சோற்றைப் போலத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, ஒன்று முதல் நான்கு வயதுவரையான பிள்ளை நாளொன்றுக்கு 180 நிமிடங்களாவது ஓடியாட வேண்டும்.

லுணுகலை, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா புதியதல்ல. தாய் கொழுந்தெடுக்கப் போகையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஏற்பட்ட இடம் அது. அழாமல் வைத்திருந்தாலே அன்று வேலை முடிந்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போன பின்னர், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் முயற்சியால் இவை படிப்படியாகச் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள்’ ஆயின. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களும் வந்தனர். ஆயினும் பல இடங்களில் பெற்றோர் இன்றும் வாசலோடு நின்றுவிடுகிறோம்.

இது சிறிய விடயமல்ல. 2016ஆம் ஆண்டின் தேசிய அளவையீட்டின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர். ஜமேக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1980களின் பிற்பகுதியில் இத்தகைய 129 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு, சமூக சுகாதார உதவியாளர்கள் இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் சென்றார்கள். தாங்கள் விளையாடிவிட்டுத் திரும்பவில்லை. தாயையே பிள்ளையோடு விளையாடப் பழக்கினார்கள். விளையாட்டுப் பொருட்களும் வீட்டில் கிடைத்தவற்றால் செய்தவைதாம். அப்பிள்ளைகள் 22 வயதில், அந்த உதவி பெறாதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்பது 2014இல் வெளியான முடிவு. சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் இத்தகைய நீடித்த பலன் காணப்படவில்லை. உணவு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். உணவோடு தாயும் தகப்பனும் வேண்டும்.

காசு தேவையில்லை. சாக்கை விரித்தால் உருளலாம். பழைய துணியைச் சுருட்டிக் கட்டினால் பந்து. மழை நாளில் சிரட்டைகளை அடுக்கித் தள்ளிவிடலாம். சிறு கற்களும் போத்தல் மூடிகளும் மட்டும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். தகப்பன்மார் இதைப் பெண்கள் வேலை என்று ஒதுக்குவது சரியல்ல. பிள்ளையைத் தோளில் ஏற்றிக் குதிரையாட அவர்களே பொருத்தமானவர்கள். கதை சொல்ல அப்பாயி இருக்கிறார்.

தங்கியிருக்கும் இடத்தில் கான், கிணறு, பாதை ஆகியவற்றுக்கு அப்பால் ஒரு சமதரையைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வேலி கட்டுங்கள். அதில் உடுப்புக் காயவைக்க வேண்டாம். அருகில் சிறுவர் நிலையமோ முன்பள்ளியோ இருந்தால், வாரத்தில் ஒரு நாள் அரை மணித்தியாலம் முறைவைத்து உள்ளே வந்து விளையாட இடம் தருமாறு ஆசிரியையிடம் கேளுங்கள்.