அளந்த அரிசியும் அளக்காத தண்ணீரும்

கல்யாண வீட்டு உக்கிராணத்தில் ஒருவர் அரிசியைப் படியால் அளந்து அனுப்புகிறார். "நாற்பது படி!" என்ற குரல் கொல்லைக்குப் போகிறது. சமையல்காரர் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. குரலை நம்பி அண்டாவில் தண்ணீர் விடுகிறார். வழியில் மூட்டை கிழிந்து ஐந்து படி சிந்திப்போயிருந்தால் சோறு குழையும். திட்டு என்னவோ சமையல்காரருக்குத்தான்.

மாற்றங்கள் செய்த டர்போ கார் 'ரிச்'சாக, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் மிகுந்து ஓடி, கரும்புகை விட்டு, பிளக்கைக் கரியாக்குவது பல நேரம் இந்தக் கதைதான். 1990களின் நிசான் சில்வியாவை எடுத்துக்கொள்வோம். டிரிஃப்ட் பிரியர்கள் கைவைக்காத பாகமே அதில் இல்லை. 2 லிட்டர் டர்போ எஞ்சின். ஏர் ஃபில்டரை அடுத்து ஏர்ஃப்ளோ மீட்டர், அதுதான் உக்கிராணக்காரர். எஞ்சினின் கணினியான ஈசியு சமையல்காரர், பெட்ரோலை ஊற்றும் இன்ஜெக்டர் சொம்பு. 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்பது பக்குவம். டர்போ முழு மூச்சில் அழுத்தும்போது மட்டும் வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டி, 12-க்கு 1 என்ற அளவுக்கோ அதற்கும் கீழேயோ இறக்குவார்கள். நாக்கிங் வராமலிருக்க அது தேவை. ஆகவே ரிச் என்றாலே நோய் என்று பதறக் கூடாது.

மீட்டர் எண்ணிய காற்று, டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கிளிப் தளர்ந்த ஒரு ரப்பர் ஹோஸ் வழியே வெளியேறினால், மூட்டை கிழிந்த கதை. கியர் மாற்றும்போது 'புஸ்' என்று சத்தம் வர வேண்டுமென்று, காற்றை வெளியே விடும் புளோ-ஆஃப் வால்வை ஆசையாக மாட்டுகிறார்களே, அதுவும் எண்ணிய அரிசியைத் தெருவில் கொட்டுவதுதான். சத்தத்தோடு பின்னால் ஒரு கரும்புகையும் வரும். இன்னொன்று, 370 சிசி இன்ஜெக்டரைக் கழற்றி 740 சிசி போட்டுவிட்டு ஈசியுவிடம் சொல்லாமல் விடுவது. சொம்பு இரட்டிப்பானது தெரியாமல் அவர் பழைய கணக்கிலேயே ஊற்றுவார். ருசி பார்க்க ஆக்சிஜன் சென்சார் இருக்கிறதே என்பீர்கள். அது திருத்தும் அளவுக்கு எல்லை உண்டு. பெடலை முழுக்க மிதித்தாலோ அதன் பேச்சே எடுபடாது.

கூலன்ட் வெப்ப சென்சார் கெட்டு, கொதிக்கும் எஞ்சினைக் 'குளிர்ந்திருக்கிறது' என்று சொன்னாலும் பெட்ரோல் கூடும். விலை குறைந்த பாகம், கடைசியில்தான் நினைவுக்கு வரும்.

இனி சூட்டில் ஸ்டார்ட் ஆகாத தொல்லை. அடுப்பை அணைத்த பிறகும் இரும்பு தோசைக்கல் சுடும், இல்லையா? எஞ்சினை நிறுத்தியதும் கூலன்ட் ஓட்டம் நிற்கிறது. டர்போவின் சூடு பானட்டுக்குள்ளேயே தேங்கி, சில நிமிடங்களுக்கு ஏறவும் செய்யும். அந்த நேரத்தில் ஃபியூல் லைனில் அழுத்தம் விழுந்திருந்தால் பெட்ரோல் ஆவியாகிவிடும். இன்ஜெக்டர் சொட்டினால் நேர்மாறு: எஞ்சினுக்குள் பெட்ரோல் தேங்கி, செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது.

எது என்று பார்க்கக் காசு வேண்டாம். சாவியை இரண்டு முறை ஆன் செய்து பம்ப்பை ஓடவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் அழுத்தம் குறைந்திருந்தது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்து, புகையோடு பிடித்தால் பெட்ரோல் தேங்கியிருந்தது. செல்ஃப் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யமாகவே நின்றால் கதை வேறு. சூட்டில் மயங்கும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள்.

ரிச், ஹாட் ஸ்டார்ட் இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் தொடுவது ஃபியூல் பிரஷர் ரெகுலேட்டரை. அதன் வேக்குவம் ஹோஸைப் பிடுங்கி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது; சமையல்காரருக்குத் தெரியாமல் யாரோ பின்வாசல் வழியே அண்டாவில் குடம் குடமாகக் கவிழ்க்கிறார்கள். ஈரம் இல்லையென்றால் பிரஷர் கேஜை மாட்டி, எஞ்சினை நிறுத்தி, முள் விழுகிறதா என்று கவனியுங்கள். ரிட்டர்ன் ஹோஸை நெருக்கிப் பிடித்ததும் முள் நின்றால் ரெகுலேட்டர். சப்ளை ஹோஸை நெருக்கியதும் நின்றால் பம்ப்பில் உள்ள செக் வால்வு. இரண்டுக்கும் நிற்காவிட்டால் இன்ஜெக்டர். முப்பது வயது ரப்பர் நெருக்கினால் வெடிக்கும். பக்கத்தில் சுடும் டர்போ வேறு. புது ஹோஸ் மாட்டி, எஞ்சின் ஆறிய பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.