லே நகரின் குளிருக்கு ஒரே கனத்த கோட்டு ஏன் போதாது?

ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லடாக்கின் லே நகருக்குக் குடிபெயர்வோர் முதலில் தேடுவது கனத்த கோட்டு ஒன்றைத்தான் என்றாலும், ஜனவரி இரவுகள் உறைநிலைக்கு வெகு கீழே இறங்கும் அவ்வூரில் அடுக்கடுக்காக அணியும் மூன்று உடைகளே நன்றாகக் காக்கின்றன. ஏன்?

துணி வெப்பத்தை உண்டாக்குவதில்லை; உடலின் வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து வைக்கும்போது தூளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று வெளிவெப்பத்தை உள்ளே விடாததுபோல, கம்பளி இழைகளுக்கிடையிலும் அடுக்குகளுக்கிடையிலும் சிறைப்பட்ட காற்று உடல்வெப்பத்தை வெளியே விடுவதில்லை.

நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவதால், வியர்வையில் ஊறிக் கிடக்கும் பருத்தி பனியன், சமவெளியில் எத்தனை இதமானதாயினும், இங்கே பகையாகிறது. ஆகவே உடலை ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடையும், அதன்மேல் தளர்வான ஸ்வெட்டரும், வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட்டும் வேண்டும். மேட்டில் ஏறுகையில் வியர்க்குமுன்பே ஓர் அடுக்கைக் கழற்றிவிடலாம் என்பது ஒற்றைக் கோட்டில் கிடைக்காத வசதி.

காலுறையையும் கவனியுங்கள்: இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடியைத் திணித்தால், இடையிலுள்ள காற்று நசுங்குவதோடு விரல்களுக்கு வரும் ரத்த ஓட்டமும் குறைந்து, ஒரு ஜோடி அணிந்ததைவிட விரைவாகவே கால் விறைத்துப்போகும்.