லோடு வண்டிக்குப் படி மாட்டும் முன்

திருச்சுழி, நரிக்குடி, ரெட்டியபட்டி வட்டாரத்தில் ஒரு பிக்கப் வண்டிக்கு இதுதான் வேலை என்று கிடையாது. இன்று சீமைக்கருவேல மூட்டக் கரி, நாளை விருதுநகர் கமிஷன் கடைக்கு மிளகாயும் மல்லியும், மறுநாள் சந்தைக்கு ஆடு. மாசி சிவராத்திரி, பங்குனி உத்திரம் வந்துவிட்டால் குலசாமி கும்பிடப் போகும் மொத்தக் குடும்பமும் அதில்தான்.

புது வண்டி எடுத்தவர்கள் முதலில் விசாரிக்கும் சாமான்களில் ஒன்று சைடு ஸ்டெப். நியாயமான ஆசைதான். கேபின் தரை உயரத்தில் இருக்கிறது. சேலை கட்டிய அம்மாவும் மூட்டுவலிக்காரரும் ஏறத் திணறுகிறார்கள். நாள் முழுக்க ஏறி இறங்கும் டிரைவரின் முழங்காலுக்கும் படி நல்லது.

ஆனால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இந்தப் படியைப் பெயர் சொல்லியே பேசுகிறது. அதன் 123-ஆவது பிரிவின்படி, படியிலோ, வண்டியின் உடலுக்கு வெளியே வேறெங்குமோ ஆள் ஏற்றிப் போகக் கூடாது. படியிலும் கூரையிலும் பானெட்டிலும் யாரும் பயணம் செய்யவும் கூடாது. ஓட்டுபவர் மீதும் குற்றம், தொற்றிக்கொண்டு போகிறவர் மீதும் குற்றம். அபராதம் முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறை 1,500 வரை. இவ்வளவுதானா என்று தோன்றும். பெரிய தொகை வேறு இடத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எந்தப் படி என்று பார்ப்போம். கடையில் பளபளவென்று கண்ணைப் பறிப்பது உருண்டைக் குழாய்ப் படி. நம் ஊருக்கு அது ஆகவே ஆகாது. மழை பெய்த கரிசலில் நாலு எட்டு வைத்தால் செருப்புக்கடியில் இன்னொரு செருப்பு முளைத்துவிடும். அந்தக் காலை வழவழப்பான குழாயில் வைத்தால் தாடை கேபின் தரையில் மோதும். செக்கர் பிளேட் பரவாயில்லை, ஆனால் சேறு அப்பிக்கொண்டால் அதன் புடைப்புகள் மறைந்துபோகும். ஓட்டை ஓட்டையாக, பல் பல்லாக வெட்டிய தகட்டுப் படியில் சேறு கீழே உதிர்ந்துவிடும். பார்வைக்குச் சுமார்தான், காலுக்கு அதுவே பிடிமானம். பாதத்தின் முன்பாதி முழுதாக உட்காரும் அகலம் வேண்டும். கடையிலேயே செருப்போடு ஏறிப் பாருங்கள்.

உயரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். படி தாழ இருந்தால் ஏறச் சுலபம். ஆனால் காட்டுக்குள் போகும் வண்டிப்பாதையின் நடுமேடும் வரப்பும் கண்மாய்க்கரை ஏற்றமும் அதைத்தான் முதலில் இடிக்கும். காலி வண்டியில் அளந்து வாங்கிய படி, மூட்டை ஏற்றிப் பட்டை அமுங்கியதும் தரையை நெருங்கிவிடும். ஆகவே லோடு ஏற்றி நிற்கும் வண்டியில் அளவெடுங்கள். டயர் கோட்டைத் தாண்டி வெளியே நீட்டும் படி வேண்டாம். ஒற்றையடித் தார்ச்சாலையில் எதிரே டூவீலர் ஒதுங்கும்போது அவர் காலைத் தட்டுவது அதுதான். கைப்பிடி இல்லாமல் படி மட்டும் மாட்டுவது பாதி வேலை. ஏறும்போது இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் எதையாவது பற்றியிருக்க வேண்டும்.

இரும்புப் படி ஒரு ஜோடி இருபது, முப்பது கிலோ வரும். அந்த எடை உங்கள் லோடு கணக்கில்தான் கழியும்.

மாட்டுகிற விதம் பொருளைவிட முக்கியம். சேஸியில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். சூட்டில் இரும்பு தன் வலுவை இழக்கும். சேஸியின் மேல், கீழ் விளிம்பில் போடும் துளை, பாரம் ஏற ஏற விரிசலுக்கு வழிவிடும். பிரேக் குழாய், டீசல் குழாய், ஒயரிங் எல்லாம் சேஸியை ஒட்டித்தான் ஓடுகின்றன. பி.எஸ். 6 வண்டியில் கம்ப்யூட்டரும் இருக்கிறது, பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் அது போய்விடலாம். கம்பெனி விட்டிருக்கும் துளைகளிலேயே போல்ட் போட்டு மாட்டும் பிராக்கெட் எந்தப் படிக்கு இருக்கிறதோ, அதுவே நல்ல படி. ‘நம்ம பட்டறையில அரை நாள்ல அடிச்சுத் தந்துருவாண்ணே’ என்பதில் உள்ள சிக்கனம், வாரன்டி கேட்டுப் போகும்போது தெரியும்.

சட்டம் இங்கேயும் வருகிறது. கம்பெனி சொன்ன விவரத்துக்கு ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. மீறினால் 182-ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்பக்க புல் பார் இதே 52-ஆவது பிரிவுக்கு விரோதம் என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அந்த மாடலுக்கென்று கம்பெனியே விற்கும் படிக்கு வம்பு குறைவு. ஆனால் பின்னால் பெஞ்சு அடிப்பது, தொட்டியை அகலப்படுத்துவது எல்லாம் எஃப்.சி.யில் நிற்கும். புது சரக்கு வண்டிக்கு முதல் 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி., பிறகு வருடா வருடம்.

ஷோரூமில் ‘கிட்டோடதான் வண்டி’ என்று சொல்லிப் படியையும் கால்மிதியையும் சேர்த்துத் தலையில் கட்டினால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இன்சூரன்ஸையும் அங்கேயே போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாங்கும் சாமானுக்கு ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். மாட்டிய படியை இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்துப் பாலிசியில் ஏற்றினால்தான் அது சேதமாகும்போது பணம் கேட்க முடியும். மாட்டிய படி ஒடிந்து ஆள் விழுந்தாலும், தரம் மோசமாக இருந்தாலும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ‘லோடு வண்டி வியாபாரத்துக்கு, நீங்க நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்தப் பிழைப்புக்காக வண்டி வைத்திருப்பவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

இனி அந்தப் பெரிய தொகை. களையெடுப்புக்கோ கிடாவெட்டுக்கோ போகும்போது தொட்டி நிறைந்து, பின்படியில் நாலு இளவட்டங்கள் தொங்குகிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது பர்மிட் நிபந்தனையை மீறுவது. 192-ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. டிரைவரின் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்கச் சொல்லி 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

வண்டி கவிழ்ந்தால் கதையே வேறு. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கிலும், 2004-இல் பல்ஜித் கௌர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின்னதில் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவானது. அப்படி உத்தரவானால் அடிபட்ட குடும்பத்துக்குப் பணம் கிடைக்கும், வண்டிக்காரரின் வீடும் காடும் ஏலத்துக்கு வரும். சரக்கின் சொந்தக்காரர் தன் மூட்டையோடு வரலாம், ஆனால் கேபினில்தான். லோடுமேன்களைத் தனி பிரீமியம் கட்டிப் பாலிசியில் சேர்க்கலாம். அதைக் கேட்டுச் செய்கிறவர்கள் குறைவு.

அடிபட்டவர் தரப்புக்கும் சில விஷயங்கள். தமிழ்நாட்டில் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் பணம் கேட்கக் கூடாது. தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தவரை சாட்சி சொல்லச் சொல்லி வற்புறுத்த முடியாது. ‘தொங்கிக்கிட்டு வந்தது நம்ம பையன் தப்பு, கேஸ் நிக்காது’ என்று ஊர்ப் பஞ்சாயத்தில் முடித்துக்கொள்ள அவசரப்பட வேண்டாம். அவன் மேல் தவறு இருந்தால் தொகையில் ஒரு பங்கைக் குறைக்கலாம், வழக்கே இல்லாமல் போய்விடாது. எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிக்கொண்டு, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் எல்லையிலுள்ள தீர்ப்பாயத்திலேயே கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் பேசலாம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, யாராக இருந்தாலும் வக்கீல் இலவசம்.