பாப்பாவுக்கு கார் சீட், ஸ்ட்ரோலர்... எப்படி வாங்கணும்?

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து உசிலம்பட்டிக்கு பாப்பாவை கார்ல கூட்டிட்டுப் போறீங்களா? 'மடியில வெச்சுக்கலாம்'னு வீட்டுல சொல்வாங்க. ஆனா, சடன் பிரேக் போட்டா கையால குழந்தையைப் பிடிச்சு நிறுத்த முடியாது. 14 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு பெல்ட்டோ, சைல்டு சீட்டோ போடலைன்னா 1,000 ரூபாய் அபராதம்னு 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுது.

பச்சைக்குழந்தைக்கு தலை நிக்காது. அதனால, முகம் காரோட பின்பக்கம் பார்க்கிற சீட்தான் சரி. பிரேக் போடும்போது தலை, கழுத்து, முதுகு மூணையும் அது சேர்த்துத் தாங்கும். குறைஞ்சது 15 மாசம் வரைக்கும் இப்படியே தொடருங்க. பின் சீட்டுலதான் மாட்டணும். ஏர்பேக் இருக்கிற முன் சீட் ஆபத்து. மதுரை வெயில்ல நின்ன காரா? பக்கிளைத் தொட்டுப் பார்த்துட்டு மாட்டுங்க.

ஸ்ட்ரோலர்னா, முதல் 6 மாசத்துக்கு முழுசா படுக்க வைக்க முடியணும். மாசி வீதிக் கூட்டத்துக்கு, ஒரே கையில மடிக்கிற லேசான மாடல்தான் வசதி!