நாலாவது பங்கு

ஒரு குடும்பத்தில் நாலு பிள்ளைகள். அவர்களில் ஒருவன் ஒரு நாள் விடியற்காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். எங்கே போனான், என்ன ஆனான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வருஷங்கள் உருண்டோடுகின்றன. ஆனாலும் வருமானத்தைப் பங்கு பிரிக்கும்போதெல்லாம், "இது அவனுக்கு" என்று நாலாவது பங்கை மற்ற மூவரும் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார்கள். இப்படி ஒரு குடும்பம் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் உங்கள் மனம் இளகுமா, இளகாதா?

ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது குடும்பக் கதை அல்ல. ஒரு வாத்தியக் கோஷ்டியின் கதை. அதுவும் சாதாரணக் கோஷ்டி அல்ல. காது செவிடுபடும்படி கிதாரை அலறவிட்டு, கண்ணில் மை தீட்டிக்கொண்டு, உலகத்தையே சண்டைக்கு அழைத்த ஒரு ‘பங்க்’ கோஷ்டி! பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கும்: ‘மானிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ்’. ‘தெருவில் நின்று வெறி பிடித்தாற்போல் பிரசங்கம் செய்கிறவர்கள்’ என்று பொருள் கொள்ளலாம். ஆனால் அந்த வெறிப் பிரசங்கிகளின் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்தால், அங்கே இருப்பது ஒரு சின்ன ஊர், ஒரு வாசகசாலை, ஒரு சிநேகிதன். இவ்வளவுதான்.

கரி பூத்த பள்ளத்தாக்கு

பிரிட்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது வேல்ஸ் நாடு. அதன் தென் பகுதியில், விரல்களை அகல விரித்து வைத்தாற்போல மலைகளும் பள்ளத்தாக்குகளும் மாறி மாறி வரும். பூமிக்கு அடியில் நிலக்கரி. பூமிக்கு மேலே அதை வெட்டி எடுக்கிறவர்களின் வரிசை வரிசையான சின்னஞ்சிறு வீடுகள். அங்கே உள்ள பிளாக்வுட் என்ற ஊர்தான் நமது கதாநாயகர்கள் வளர்ந்த இடம்.

அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் செய்த ஒரு காரியத்தைத் தெரிந்துகொண்டால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். வாரச் சம்பளத்திலிருந்து ஆளுக்குச் சில பென்னிகள் போட்டு, ஊருக்கு ஊர் தொழிலாளர் மன்றம் கட்டினார்கள். அதில் வாசகசாலை உண்டு, புத்தகசாலை உண்டு, பாட்டும் நாடகமும் நடக்க மண்டபமும் உண்டு. பகலெல்லாம் பாதாளத்தில் கரியோடு கரியாகக் கிடந்தவர், மாலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சரித்திரமும் பொருளாதாரமும் படித்தார்! பிளாக்வுட்டுக்குப் பக்கத்தில் ஓக்டேல் என்ற சிற்றூரில் 1917-ல் எழுந்த மன்றக் கட்டடத்தைப் பிற்காலத்தில் கல் கல்லாகப் பிரித்தெடுத்துப் போய், கார்டிஃப் நகரை அடுத்த செயின்ட் ஃபேகன்ஸ் பொருட்காட்சிச்சாலையில் மறுபடியும் எழுப்பி வைத்திருக்கிறார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம்.

அதே பள்ளத்தாக்கிலே டிரெடிகர் என்ற ஊர். அங்கே 13 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுச் சுரங்கத்தில் இறங்கிய ஒரு பையன், மன்றப் புத்தகசாலையில் படித்துப் படித்தே அறிவாளியானான். அவர்தான் பிற்காலத்தில் மந்திரியாகி, 1948 ஜூலையில் பிரிட்டிஷ் ஜனங்கள் எல்லாருக்கும் இலவச வைத்திய வசதி கிடைக்கச் செய்த அனைரின் பெவன்.

இப்படிப்பட்ட மண்ணில் 1984-ஆம் வருஷம் இடி விழுந்தது. சுரங்கங்களை மூடப்போவதாகச் சர்க்கார் அறிவித்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு வருஷ காலம் சம்பளம் இல்லை. பெண்கள் பொதுச் சமையல் நடத்தி ஊர் முழுவதற்கும் சோறு போட்டார்கள். தெற்கு வேல்ஸ் கடைசி வரை கலையாமல் நின்றது. ஆனால் 1985 மார்ச்சில் போராட்டம் தோற்றது. ஓக்டேல் சுரங்கமும் 1989-ல் மூடப்பட்டது.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டே, ஓக்டேல் பள்ளிக்கூடத்தில் படித்த நாலு பையன்கள் வளர்ந்தார்கள்.

நாலு சிநேகிதர்கள்

ஜேம்ஸ் டீன் பிராட்ஃபீல்டு, தச்சுத் தொழிலாளியின் மகன். ஷான் மூர் அவனுடைய சொந்தக்காரப் பையன். பெற்றோர் பிரிந்துவிட்டதால் ஷான், ஜேம்ஸின் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். இருவரும் ஒரே அறையில் அண்ணன் தம்பி போல வளர்ந்தார்கள். மூன்றாமவன் நிக்கி வயர். கொக்கு மாதிரி உயரம். நாலாவது ரிச்சி எட்வர்ட்ஸ்; பெற்றோர் பிளாக்வுட்டில் முடி அலங்காரக் கடை வைத்திருந்தார்கள். வாய் ஓயாமல் புத்தகம் பேசுகிற பையன்.

‘பங்க்’ என்பது 1976-ஐ ஒட்டி லண்டனில் கிளம்பிய சங்கீதம். வேலை கிடைக்காத வாலிபர்கள், "சாஸ்திரப் பயிற்சி இல்லாவிட்டால் என்ன? கோபம் இருக்கிறது, ஒரு கிதார் இருக்கிறது, அது போதும்!" என்று மேடையேறியதால் பிறந்தது அது. பத்து வருஷம் கழித்து அதைப் பற்றி டெலிவிஷனில் காட்டிய ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் நமது பிளாக்வுட் பையன்களுக்குப் பித்துப் பிடித்தது. லண்டனில் அந்தக் காய்ச்சல் எப்போதோ தணிந்து போயிருந்தது. அதனால் என்ன? பள்ளத்தாக்குக்கு எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தானே வந்து சேரும்!

ஜேம்ஸ் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே கிதார் பழகினார். ஷான் ஏற்கெனவே டிரம்பெட் வாசிக்கக் கற்றவர்; கோஷ்டிக்காக முரசடிக்கவும் கற்றுக்கொண்டார். 1988-ல் சொந்தக் காசைப் போட்டு முதல் இசைத்தட்டை வெளியிட்டார்கள். ரிச்சி முதலில் வந்து சேர்ந்தது வண்டி ஓட்டத்தான்! பிறகு கிதாரைக் கையில் பிடித்தார். உள்ளதைச் சொல்வதானால், அவருக்கு வாசிக்கவே தெரியாது. மேடையில் அழகாக நிற்பார், அவ்வளவே. ஆனால் எழுத உட்கார்ந்தால்? நிக்கியும் அவரும் ஸ்வான்ஸி சர்வகலாசாலையில் படித்தவர்கள். சரித்திரம், யுத்தம், அரசியல் என்று எல்லாவற்றையும் வரிகளாக்கி நீட்டுவார்கள். இந்தக் கரடு முரடான எழுத்துக்கெல்லாம் ஜேம்ஸும் ஷானும் தலையைப் பிய்த்துக்கொண்டு மெட்டுப் போட வேண்டும். மற்றக் கோஷ்டிகளில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும். இவர்களிடத்தில் பாட்டு முதலில் வந்தது.

வாய்ச்சவடாலுக்கும் குறைவில்லை. "ஒரே ஒரு ஆல்பம் போடுவோம், உலகமெங்கும் ஒரு கோடியே 60 லட்சம் விற்கும், உடனே கோஷ்டியைக் கலைத்துவிட்டுப் போய்விடுவோம்" என்று பறை சாற்றினார்கள். 1992-ல் அந்த ஆல்பம் வெளிவந்தது. கோடியும் விற்கவில்லை, கோஷ்டியும் கலையவில்லை!

காலியான இடம்

இந்தத் தமாஷுக்கு அடியில் ஒரு துயரம் கனன்றுகொண்டிருந்ததை அப்போது எத்தனை பேர் கவனித்தார்கள்? ரிச்சி மென்மையானவர். உலகத்தின் கொடுமைகளையெல்லாம் படித்துப் படித்துத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சரியாகச் சாப்பிடுவதில்லை. குடி பற்றிக்கொண்டது. தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் வழக்கமும் வந்தது. 1994-ல் அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அதே வருஷம் ஆகஸ்டில் வெளிவந்த ‘தி ஹோலி பைபிள்’ என்ற ஆல்பத்தின் வரிகளில் பெரும் பகுதி அவர் எழுதியது. அந்த வருத்தமெல்லாம் அதில் அப்படியே இருக்கிறது.

1995 பிப்ரவரி முதல் தேதி. ஜேம்ஸும் ரிச்சியும் அன்று அமெரிக்காவுக்கு விமானம் ஏற வேண்டும். இருவரும் லண்டனில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார்கள். காலை சுமார் 7 மணிக்கு ரிச்சி ஹோட்டலைவிட்டு வெளியேறினார். கார்டிஃபில் இருந்த தமது வீட்டுக்குக் காரை ஓட்டிச் சென்றார். இரண்டு வாரம் கழித்து, செவர்ன் நதிப் பாலத்துக்கு அருகே கேட்பாரற்று நின்ற அவரது காரைப் போலீஸார் கண்டெடுத்தார்கள். ஆளைக் காணவில்லை. அன்று அவருக்கு வயது 27.

இறந்துவிட்டார் என்று தெரிந்தால் அழுது தீர்த்துவிடலாம். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தால் காத்திருக்கலாம். இரண்டும் தெரியாத வேதனையை என்னவென்று சொல்வது? தாயாரும் தகப்பனாரும் தங்கையும் அந்த வேதனையில் கிடந்தார்கள். ஏழு வருஷம் ஆனதும், "இறந்ததாகக் கோர்ட்டில் பதிவு செய்துகொள்ளலாம்" என்று சட்டம் இடம் கொடுத்தது. அவர்கள் அப்போது அதற்கு இசையவில்லை. 2008 நவம்பரில்தான், 13 வருஷங்களுக்குப் பின், சட்டப்படி அந்தப் பதிவு நடந்தது. தங்கையோ காணாமற் போனவர்களின் குடும்பங்களுக்காகப் பகிரங்கமாகப் பேசி வந்தார்.

மற்ற மூவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? கோஷ்டியை நடத்துவதா, மூட்டை கட்டிவிடுவதா என்று திகைத்தார்கள். ரிச்சியின் குடும்பத்தார் ஆசீர்வாதம் செய்த பிறகே மறுபடியும் வாத்தியத்தைத் தொட்டார்கள். அவருக்குப் பதிலாக இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மேடையில் அவர் நிற்கும் பக்கத்தைக் காலியாகவே விட்டார்கள். பாட்டுகளிலிருந்து வந்த ராயல்டித் தொகையில் அவருக்குரிய நாலில் ஒரு பங்கு, பல ஆண்டுகள் அவர் பெயரிலேயே பாங்கில் போய்ச் சேர்ந்தது.

காகிதத்தில் கையெழுத்து வாங்கி யாரும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. பிளாக்வுட்டில் வளர்ந்தவர்களுக்கு அது இயல்பாக இருந்தது போலும்.

புத்தகசாலைக்கு ஒரு பாட்டு

நியூபோர்ட் நகரில், பில்க்வென்லி என்ற பேட்டையில் ஒரு பழைய புத்தகசாலைக் கட்டடம் உண்டு. அதன் வாசலுக்கு மேலே ‘அறிவே ஆற்றல்’ என்று கல்லில் பொறித்திருந்தது. அது நிக்கியின் மனத்தில் பதிந்தது. அதிலிருந்து பிறந்த ‘எ டிஸைன் ஃபார் லைஃப்’ என்ற பாட்டு, புத்தகசாலைகளைப் போற்றிக்கொண்டே தொடங்குகிறது. "உழைப்பாளிக்குக் குடியைத் தவிர வேறென்ன தெரியும்?" என்று மேட்டுக்குடியினர் ஏளனம் செய்வதுண்டு அல்லவா? அந்த ஏளனத்தையும் எடுத்து அதே பாட்டில் வைத்துத் திருப்பி அடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதைப் புரிந்துகொள்ளாமல் பீர்க் கோப்பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாடியவர்களும் உண்டு!

1996 ஏப்ரலில் வெளிவந்த அந்தப் பாட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இரண்டாவது இடத்துக்கு ஏறியது. அடுத்து வந்த ‘எவ்ரிதிங் மஸ்ட் கோ’ ஆல்பத்தில், ரிச்சி விட்டுச் சென்ற வரிகளைக் கொண்டு 5 பாட்டுகள் அமைத்திருந்தார்கள். 1997-ல் ‘பிரிட்’ பரிசளிப்பில் சிறந்த கோஷ்டி, சிறந்த ஆல்பம் என்ற இரண்டு பரிசுகளும் அவர்களுக்கே கிடைத்தன. வெற்றி வந்தது, கொண்டாட நாலாவது ஆள் இல்லை.

1998-ல் ஒரு பாட்டு முதலிடத்தையே பிடித்தது. எதைப் பற்றி என்கிறீர்கள்? காதலா, நிலவா? இல்லை. 1936-ல் மூண்ட ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பற்றி! சர்வாதிகாரி பிராங்கோவை எதிர்க்க வேல்ஸிலிருந்து 150-க்கும் மேற்பட்டவர்கள் கிளம்பிப் போனார்கள். பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளர். ‘இதைப் பொறுத்துக்கொண்டால் அடுத்தது உங்கள் குழந்தைகள்’ என்ற பொருள்பட, குண்டு வீச்சில் இறந்த குழந்தையின் படத்துடன் அக்காலத்தில் வெளிவந்த ஒரு சுவரொட்டிதான் பாட்டுக்கு விதை. அந்தப் பாட்டு அடங்கிய ஆல்பத்துக்கு வைத்த தலைப்பு, நாம் முன்பு பார்த்தோமே, அந்த அனைரின் பெவனின் வாக்கு.

1999 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு கார்டிஃப் மில்லெனியம் ஸ்டேடியத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கூடி, இவர்கள் பாட்டுடன் புது வருஷத்தை வரவேற்றார்கள். 2001 பிப்ரவரியில் கியூபாவின் ஹவானா நகருக்குப் போய்க் கச்சேரி செய்தார்கள். பிடல் காஸ்ட்ரோவே வந்துவிட்டார்! "சத்தம் பலமாக இருக்குமே" என்று நிக்கி எச்சரிக்க, யுத்தத்தைவிடவா பலமாக இருந்துவிடும் என்று கேட்டாராம் காஸ்ட்ரோ. அந்தப் பிரயாணத்தைக் கண்டித்து எழுதிய பத்திரிகைகளும் உண்டு.

இந்தப் புகழெல்லாம் வந்த பிறகும் மனிதர்கள் மாறிவிடவில்லை. நிக்கி வயரை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் பெண்களின் கவுனை மாட்டிக்கொண்டு குதிப்பார். வீட்டுக்கு வந்தால் அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு, தரையைச் சுத்தம் செய்வது! வீடு பெருக்கும் மின்சார யந்திரத்தைப் பற்றி அவர் புகழ்ந்து பேசியது பத்திரிகைகளில் பிரசித்தம். இதைப் படிக்கும் சகோதரிகள், பக்கத்தில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருப்பவரிடம் இந்தப் பத்தியை மட்டுமாவது காட்டலாம்!

2009-ல் ‘ஜர்னல் ஃபார் பிளேக் லவர்ஸ்’ என்ற ஆல்பம் வந்தது. காணாமற் போவதற்குச் சில வாரங்கள் முன்பு ரிச்சி தம் தோழர்களிடம் ஒரு கட்டு எழுத்துக்களைக் கொடுத்திருந்தார். 14 வருஷம் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, அந்த ஆல்பம் முழுவதையும் அந்த வரிகளைக் கொண்டே அமைத்தார்கள்.

அதே வருஷம் ஜூன் மாதத்தில் கார்டிஃபில் புதிய மத்தியப் புத்தகசாலை திறக்கப்பட்டது. திறந்து வைக்க யாரை அழைத்தார்கள் என்று ஊகித்திருப்பீர்கள். சாதாரணமாக மந்திரிகளுக்கும் பிரபுக்களுக்கும் கிடைக்கும் அந்த மரியாதை, பிளாக்வுட்டின் மூன்று பங்க்காரர்களுக்குக் கிடைத்தது! தங்கள் பாட்டின் வரி பொறித்த பலகையை அவர்கள் திறந்து வைத்தார்கள். சில பென்னிகளைச் சேர்த்து வாசகசாலை கட்டிய அந்தக் கரி படிந்த கைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை.

கோஷ்டி இன்னும் கலையவில்லை. 2025 பிப்ரவரியில் அவர்களது 15-வது ஆல்பம் வெளிவந்தது. மூவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பள்ளிக்கூடத்தில் தொடங்கிய சிநேகம் அப்படியே இருக்கிறது.

இவர்களுடைய சங்கீதம் உங்கள் காதுக்குப் பிடிக்குமோ, பிடிக்காதோ! பாட்டைப் போட்டதும் "ஐயோ, நிறுத்து!" என்று நீங்கள் காதைப் பொத்திக்கொண்டால் நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளை மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இதைப் போல் ஏதாவது சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால், கோபித்துக்கொள்வதற்கு முன் ஒரு நிமிஷம் உள்ளே போய், "என்னப்பா பாட்டு இது? எதைப் பற்றிப் பாடுகிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பையன் சொல்லத் தொடங்கினால், நடுவில் எழுந்து வராமல் கடைசி வரை இருந்து கேளுங்கள்.