காளைக்குப் பேரீச்சை... பசுவுக்கு வெறும் வைக்கோலா?

திருமயம்னா டக்குனு என்ன ஞாபகம் வரும்? கோட்டை, பெருமாள் கோயில், போற வர்ற வண்டியெல்லாம் நின்னு கும்பிட்டுப் போற கோட்டை பைரவர். ஓகே பாஸ், இந்த வாரம் அதையெல்லாம் விட்டுட்டுக் கொஞ்சம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் வாங்க!

ஜல்லிக்கட்டுக்குப் பேர் போன மாவட்டம் புதுக்கோட்டை. 2017-ல் வந்த சட்டத் திருத்தம் செல்லும்னு 2023 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிட்டதால, வாடிவாசல் காளைகளுக்கு மவுசு குறையவே இல்லை. பருத்தி விதை, புண்ணாக்கு, பேரீச்சம்பழம், முட்டைன்னு ராஜ உபசாரம்! பக்கத்துல கட்டியிருக்கிற பசுவுக்கு? வைக்கோல். கோடை முழுக்க வைக்கோல். அந்தக் காளையைப் பெத்ததும் ஒரு பசுதானேங்க!

திருமயம் சுத்துவட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பெஞ்சா புல்லு, பங்குனி பொறந்தா வெறும் கட்டாந்தரை. வைக்கோல் வயித்தை நிரப்பும், அவ்வளவுதான். அதுல பாஸ்பரஸ் ரொம்பக் கம்மி. ஆக்சலேட்னு ஒரு வில்லன் வேற உள்ளே உட்கார்ந்துக்கிட்டு, இருக்கிற கால்சியத்தையும் உடம்புல சேரவிடாது. பச்சைப்புல்லுல இருக்கிற கரோட்டின்தான் மாட்டுக்கு வைட்டமின் ஏ. அது காய்ஞ்ச வைக்கோல்ல கிடையாது. கல்லீரல்ல சேர்த்து வெச்ச ஸ்டாக் சில மாசம் தாங்கும், அப்புறம் காலி.

அப்போதான் மாடு சுவரை நக்கும், மண்ணைத் தின்னும், துணி, எலும்புன்னு கண்டதையும் கடிக்கும். 'சேட்டை'ன்னு நாம ரெண்டு போடுவோம். அது பல நேரம் தாது உப்புக்கான பசி! தென் ஆப்பிரிக்காவுல புல்வெளியில் மேஞ்ச கறி மாடுகள் கூட்டம் கூட்டமா கால் விளங்காம செத்துச்சு. 1920-ஐ ஒட்டி அர்னால்ட் தெய்லர்னு ஒரு கால்நடை விஞ்ஞானி காரணத்தைப் பிடிச்சார். மண்ணுலயும் புல்லுலயும் பாஸ்பரஸ் இல்லை. அந்தக் குறையால மாடுங்க செத்த பிராணிகளோட எலும்பைக் கடிச்சிருக்கு, அதுல இருந்த நஞ்சு உள்ளே போயிருக்கு. எலும்புத்தூளைத் தீவனத்துல கலந்து கொடுத்ததும் எலும்பு தேடுறதும் குறைஞ்சது, மாடும் நல்லா வளர்ந்தது.

நம்ம ஊர்ல கறிக்குன்னே மாடு வளர்க்கிறது அபூர்வம். கழிச்சுவிட்ட மாடுதான் கறிக்குப் போகுது. சத்து இல்லாத மாடு சரியா பருவத்துக்கு வராது. மூணு தடவை சினை ஊசி போட்டும் நிக்கலைன்னா 'மலட்டு மாடு'ன்னு முத்திரை குத்திச் சந்தைக்கு ஓட்டிடுறாங்க. அங்கிருந்து லாரி ஏறி கேரளா. விக்கிறது தப்புன்னு சொல்ல வரலை. ஆனா எலும்பும் தோலுமா போனா கிடைக்கிறது நெஜமாவே அடிமாட்டு விலைதான்!

இதுக்குத்தான் தாது உப்புக் கலவை. கால்சியம், பாஸ்பரஸோட தாமிரம், துத்தநாகம், அயோடின், கோபால்ட்னு மில்லிகிராம் கணக்குல தேவைப்படுற ஐட்டங்களும் அதுல இருக்கும். எங்க காலேஜ் ஒர்க்‌ஷாப்ல ஒரு சின்ன போல்ட் இல்லைன்னா லேத் மெஷினே நின்னுடும். அந்த மாதிரிதான் இதுவும். 'கல்லுப்பு போடுறோமே?'ன்னு கேட்பாங்க. கல்லுப்புல சோடியமும் குளோரைடும்தான், பாஸ்பரஸுக்கு எங்கே போறது?

அதுக்காக கலர் கலரா டானிக் பாட்டில் வாங்கிக் குவிக்க வேணாம். வைட்டமின் டி வெயில்லயே ஃப்ரீ. பி வைட்டமின்களை வயித்துக்குள்ள இருக்கிற நுண்ணுயிரிகளே தயாரிச்சுடும், பி12-க்கு மட்டும் கோபால்ட் வேணும். வைட்டமின் ஏ-வுக்கு தினமும் ரெண்டு கைப்பிடி அகத்தியோ வேலிமசாலோ போட்டாலே நல்ல ஆரம்பம். குடற்புழு, கர்ப்பப்பைக் கோளாறு, பருவத்தைக் கவனிக்காம விடுறதுன்னு சினை நிக்காததுக்கு வேற காரணங்களும் உண்டு. அதனால டாக்டரைப் பார்க்காம உப்பை மட்டும் நம்பிப் பிரயோஜனம் இல்லை.

பெரிய மாட்டுக்கு தினமும் 30 முதல் 50 கிராம், கன்னுக்குட்டிக்கு 10 கிராம் போல. பையில ஐ.எஸ். 1664 தர எண் இருக்கான்னு பாருங்க. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் கலவை தயாரிக்குது. அதோட பயிற்சி, ஆராய்ச்சி மையம் புதுக்கோட்டையிலேயே இருக்கு, சந்தேகம்னா ஒரு எட்டு போய்க் கேட்கலாம். ஒரே ஒரு விஷயம்... கழுநீர்த் தொட்டியில கொட்டிடாதீங்க, பாதி அடியில தங்கிடும். தவிட்டுல பிசைஞ்சு வைங்க!