வீடு சுத்தம் செய்யும் தொழில்: துடைப்பம் வாங்கும் முன்

போன மாதம் ஒரு பெண் என்னிடம் உத்யம் பதிவுச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். “இதுக்கு 2,500 ரூபாய் கொடுத்தேன் சார். லோன் வருமா?” அவர் தொடங்கியிருப்பது வீடு சுத்தம் செய்யும் தொழில். சான்றிதழில் இருந்ததோ மளிகைச் சில்லறை விற்பனை. பணமும் போனது, காகிதமும் தப்பு. இந்த வருஷத்தில் நான் பார்க்கும் நான்காவது ஆள் இவர்.

ஆண்டிமடம், வரதராஜன்பேட்டை, ஜெயங்கொண்டம் பக்கம் இந்தத் தொழிலுக்கு வேலை இருக்கிறது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் கட்டிப் பூட்டிவைத்த வீடுகள் இருக்கின்றன. திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் “ஆள் இருக்கா?” என்று போன் வரும். பொங்கலுக்கு முன்பு ஒட்டடை அடிக்க, கிரகப்பிரவேசத்துக்கு முன்பு டைல்ஸில் ஒட்டிய சிமெண்ட்டையும் பெயின்டையும் சுரண்ட ஆள் தேடுகிறார்கள். முந்திரி சீசன் முடிந்ததும் மூன்று நான்கு பெண்கள் சேர்ந்து இதில் இறங்குகிறார்கள். நல்ல காரியம். ஆனால் முதல் நாளே வாளியும் மாப்பும் வாங்க ஓடுகிறார்கள். காகிதத்தைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. ஒரு பைசா கிடையாது. அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். வேறு விதமாக முடிவது தரகர் கடை. கணினியில் ஏற்றித் தருபவர் தன் கூலியாக ஏதாவது கேட்டால் கொடுங்கள். “அரசாங்க ஃபீஸ்” என்றால் எழுந்து வாருங்கள். ஆதார், பான் அட்டை, ஆதாரோடு இணைத்த போன் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பான் இல்லாதவர்களுக்கு வருமான வரித்துறைத் தளத்தில் ஆதாரை வைத்தே இலவசமாக இ-பான் கிடைக்கிறது. தொழில் வகை கேட்கும் இடத்தில் 81210 என்ற எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கட்டடங்களைப் பொதுவாகச் சுத்தம் செய்வதற்கான எண் அது. அதை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். இல்லையென்றால் எதிரே இருப்பவர் வாயில் வந்ததைப் போட்டுவிடுவார்.

இந்தச் சான்றிதழ் கடனுக்கு மட்டும் என்று நினைப்பது தப்பு. கல்யாண மண்டபம், தனியார் பள்ளி, கிளினிக் போன்ற இடங்களில் வேலை செய்தால் “அடுத்த மாசம் வாங்கிக்கம்மா” என்று இழுப்பார்கள். பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் சொல்கிறது. இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. புகாரை இணையத்திலேயே பதியலாம். வழி தெரியாவிட்டால் அரியலூர் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஆனால் வேலைக்கு முன்பே பதிவு இருக்க வேண்டும், கையில் பில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சுக்கு வட்டி வராது.

கடன் வேண்டுமானாலும் அதே மாவட்டத் தொழில் மையம்தான். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. முத்ரா சிசு கடன் 50,000 ரூபாய் வரை, பிணை இல்லாமல். “இதுக்கெல்லாம் லோன் கிடையாது” என்று வங்கியில் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அப்போதே குரலைத் தணித்துக்கொள்வார்கள். ஜிஎஸ்டி பயம் இப்போதைக்கு வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அது.

தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-ல் அமைந்தது. வீடுகளில் வேலை பார்க்கும் 18 முதல் 60 வயதுக்காரர்கள் சேரலாம், கட்டணம் இல்லை. நீங்களும் துடைப்பம் பிடிக்கிறீர்கள், உங்களோடு வருபவர்களும் பிடிக்கிறார்கள். அத்தனை பேரும் சேருங்கள். பிள்ளைகள் படிப்பு, திருமணம், பிரசவம், விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு உதவித்தொகையும், 60-க்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. அலுவலகத்தின் பெயரைச் சரியாகக் கேட்டுப் போங்கள்: தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்). “நாளைக்கு வா” என்று மூன்று தடவை அலைக்கழித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகவே கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். வாரியப் பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத அட்டையை வைத்துக்கொண்டு அழுதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீட்டிலும் சேருங்கள். ஏணியில் ஏறி ஒட்டடை அடிப்பவருக்கு இரண்டு லட்சம் ரூபாய்க் காப்பீடு அந்த 20 ரூபாயில் இருக்கிறது.

இனி, யாரும் காதில் போட்டுக்கொள்ளாத விஷயம். வீட்டைக் கழுவி முடிக்கும் நேரத்தில் வீட்டுக்காரர் மெதுவாகச் சொல்வார்: “அப்படியே செப்டிக் டேங்கையும் பார்த்துடுங்க, ஆயிரம் சேர்த்துத் தர்றேன்.” முடியாது என்று சொல்லுங்கள். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத பிரிவு. வேலையை ஒப்புக்கொண்டு ஒரு பையனை அனுப்பினால் குற்றவாளி வீட்டுக்காரர் மட்டுமல்ல, நீங்களும்தான். சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. உயிர் போன பிறகு அந்தப் பணத்தை யார் எண்ணுவது? தொட்டியை உறிஞ்ச லாரி இருக்கிறது, 14420 என்று அழைக்கச் சொல்லிவிட்டு நகருங்கள். மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்.

கழிவறையில் ஊற்றும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். “ரெண்டும் போட்டா பளிச்சுனு ஆகும்” என்பது ஊர்ப் பேச்சு. சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. ஜன்னல் இல்லாத பாத்ரூமில் ஐந்து நிமிஷம் நின்றாலும் நெஞ்சு அடைக்கும். ஒன்றைப் போட்டுக் கழுவித் தண்ணீர் விட்டு ஓடவிட்ட பிறகும் அன்றைக்கு மற்றதைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒரே வாளியில் எடுத்துப் போகவே வேண்டாம்.

பூட்டிய வீட்டில் திருட்டுப் பழி வரும், வராமல் இருக்காது. உள்ளே நுழைந்ததும் வெளிநாட்டில் இருப்பவருக்கு வீடியோ கால் போட்டு அறை அறையாகக் காட்டுங்கள். பீரோ பூட்டியிருப்பதையும் காட்டுங்கள். சாவியைக் கொடுத்த சித்தப்பாவோ மாமாவோ ஒரு சீட்டில் கையெழுத்துப் போடட்டும். புகார் என்று வந்தால் பெண்ணைச் சாட்சி விசாரணைக்கு அவர் வசிக்கும் இடத்தில்தான் கேட்க வேண்டும். தனிக் காரணமும் நீதித்துறை நடுவரின் முன் அனுமதியும் இல்லாமல் சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. 15100-ஐ அழைத்தால் சட்ட உதவி கிடைக்கும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே வழக்கறிஞர் இலவசம்.

வேலை செய்யும் வீட்டில் ஒருவன் தப்பான எண்ணத்தோடு கை நீட்டினால் பொறுத்துப் போகாதீர்கள், அந்த வீடும் சட்டப்படி பணியிடம்தான். மாவட்டத்தில் உள்ளூர்ப் புகார் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள். உடனடி உதவிக்கு 181. “வாடிக்கை போயிடும்” என்று ஒரு பெண் மறைத்தார். அடுத்த வாரம் அதே வீட்டுக்கு இன்னொரு பெண் போனார்.

வாடிக்கை பிடிக்க நோட்டீஸ் ஒட்டுவதைவிட மேஸ்திரி, பெயின்டர், டைல்ஸ் போடுபவர், பந்தல்காரர் நால்வரிடமும் போன் நம்பர் கொடுங்கள். வீடு முடியும் நாள் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். கூகுள் மேப்பில் பெயர் போடுவது இலவசம். போட்டதும் “கூகுளில் இருந்து பேசுகிறோம், 3,000 கட்டுங்க” என்று ஒருவன் கூப்பிடுவான். இன்னொருவன் “ராணுவ அதிகாரி, மாற்றலாகி வருகிறேன், அட்வான்ஸுக்கு க்யூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க” என்பான். பணம் வாங்க ஸ்கேன் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் உங்கள் பணம்தான் போகும். போய்விட்டால் அந்த நிமிஷமே 1930-ஐ அழையுங்கள், நாளைக்கு என்று தள்ளினால் அந்தப் பணம் கை மாறிவிடும்.

அந்தப் பெண்ணின் சான்றிதழில் எண்ணை மாற்றிக் கொடுத்தோம். திருத்தத்துக்கும் கட்டணம் இல்லை. “அந்த 2,500?” என்று கேட்டார். ரசீது இருக்கிறதா என்றேன். கொடுக்கவில்லையாம், இவரும் கேட்கவில்லையாம்.